மச்சினன் கடையும் என் விண்ணப்பமும்

அன்புள்ள மாப்ளே,

நலம். உன் முட்டிவலி குறைந்ததா? பஸ் ஸ்டாப்புக்கு எதிரே திறந்த டாஸ்மாக்கை எடுக்கச் சொல்லி கிராமசபையில் தீர்மானம் போட்டும் ஒன்றும் அசையவில்லை என்று எழுதியிருந்தாய். "நியூசிலாந்துல இதையெல்லாம் யாருய்யா முடிவு பண்றாங்க?" என்று வேறு கேட்டிருந்தாய். பதில் எழுத உட்கார்ந்தால் என் சொந்தக் கதையும் கூடவே வருகிறது. பொறுத்துக்கொள்.

இங்கே மதுக்கடைக்கு உரிமம் தருவது மாவட்ட உரிமக் குழு. 2012இல் வந்த சட்டப்படி ஒவ்வொரு உள்ளூர் கவுன்சிலும் இப்படி ஒரு குழுவையாவது வைத்திருக்க வேண்டும். பொதுமக்களோ போலீஸோ யாரும் எதிர்க்காத விண்ணப்பத்தைத் தலைவர் ஒருவரே பார்த்து முடித்துவிடலாம். எதிர்ப்பு வந்தால் தலைவரும் இரண்டு உறுப்பினர்களுமாக மூன்று பேர் உட்கார்ந்து விசாரிப்பார்கள்.

அந்த மூவர் எப்படி வருகிறார்கள் என்பதுதான் விஷயம். தலைவராக ஒரு கவுன்சிலரையே கவுன்சில் நியமிக்கலாம். இல்லையென்றால், கவுன்சில் சிபாரிசு செய்யும் வெளியாள் ஒருவரைத் கவுன்சிலின் தலைமை நிர்வாகி 'கமிஷனர்' ஆக்குவார், அவர் தலைவராக உட்காருவார். (நம்மூர் கமிஷனர் மாதிரி ஜீப், சல்யூட் எல்லாம் கிடையாது.) எனக்கு வெளியாள்தான் பிடிக்கும். அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு நிற்கப்போகிறவர், தெருவே திரண்டு எதிர்க்கும் கடைக்கு நியாயம் இருந்தாலும் உரிமம் கொடுப்பாரா, சொல்லு. உறுப்பினர்களைக் கவுன்சில் ஒரு பட்டியலாக வைத்திருக்கும். ஒருமுறை பெயர் ஏறினால் அதிகபட்சம் 5 வருஷம், பிறகு நீட்டிக்கலாம். மது உரிமம் சம்பந்தமான அனுபவம் கட்டாயம்.

சில வருஷம் முன்பு எங்கள் தெருமுனைக் கடை விஷயமாக ஒரு விசாரணைக்குப் போயிருந்தேன். பக்கத்து மழலையர் பள்ளி டீச்சர் ஒருவர், காலையில் பள்ளிப் பக்கம் பாட்டில்கள் கிடக்கின்றன என்று ஆட்சேபணையைத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தாள் நடுங்கியது. கடைக்காரரின் வக்கீல் எழுந்து, "காலையில் கிடக்கும் பாட்டில்கள் இந்தக் கடையில் விற்கப்போகிறவையா?" என்று மடக்கினார். கடையே இன்னும் திறக்கவில்லை, அந்த அம்மாள் என்ன சொல்வார்? அப்போது உறுப்பினர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற நர்ஸாம், கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "அதையெல்லாம் யார் பொறுக்குகிறார்கள்?" என்று கேட்டார். "நான்தான். பிள்ளைகள் வருவதற்குள்" என்றார் டீச்சர். அறையே அமைதியாகிவிட்டது. உரிமம் கிடைத்ததா இல்லையா என்பது இருக்கட்டும். அந்தக் கேள்வி சட்டப் புத்தகத்தில் இல்லை, அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தார் என்பதில் இருந்தது. 2023இல் சட்டத்தைத் திருத்தி, அனேகமாக யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம் என்று ஆக்கினார்கள். வக்கீலின் குறுக்கு விசாரணைக்கும் அடுத்த வருஷம் முடிவு கட்டினார்கள். நல்ல காரியம், ஆனால் டீச்சருக்கு அது லேட்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் உறுப்பினர் வேண்டும் என்று விளம்பரம் வந்தது. நானும் பொதுச் சுகாதாரத்தில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன், வேலைக்காக இரவு பார்களில் ஏறி இறங்கியவன். ஆசையாக விண்ணப்பத்தை நிரப்பினேன். அப்புறம் யார் யார் உட்காரக்கூடாது என்ற பகுதியைப் படித்தேன். போலீஸ்காரர், மருத்துவ அதிகாரி, உரிம இன்ஸ்பெக்டர், கவுன்சில் ஊழியர் கூடாது. நான் எதிலும் இல்லை. அடுத்த வரிதான் இடித்தது: தானாகவோ, உறவு வழியாகவோ மது வியாபாரத்தோடு தொடர்பிருந்து, அதனால் ஒருபக்கம் சாய்வார், அல்லது சாய்வதுபோலத் தோன்றும் என்று கவுன்சில் கருதினால் அவர் பட்டியலில் சேர முடியாது. சாய வேண்டியதுகூட இல்லை, தோன்றினாலே போதும்.

என் மச்சினன் பக்கத்து ஊரில் ஒரு மதுக்கடையில் பாதிப் பங்கு வாங்கியிருக்கிறான். "அது வேற ஊரு, வேற கவுன்சில். அவன்கிட்ட ஒரு பீர்கூட நீங்க ஓசியில வாங்கினதில்ல, தைரியமா போடுங்க" என்றாள் வீட்டுக்காரி. எனக்கும் அப்படித்தான் பட்டது. உறவை ஒளிக்காமல் எழுதிவிட்டால், மிச்சத்தைக் கவுன்சில் முடிவு செய்துகொள்ளட்டும் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்தான். விஷயத்தைச் சொன்னேன். கோழிக்குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே, "சூப்பர் அத்தான்! நாளைக்கு இந்தப் பக்கம் நான் ஒரு கடை போட்டா நம்மாளு ஒருத்தர் உள்ள இருப்பீங்கள்ல" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். விண்ணப்பம் இன்னும் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறது, கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

உன் கிராமசபைத் தீர்மானத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பு. படிக்க ஆசையாக இருக்கிறது. தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் கூட்டாளி