நங்கநல்லூருக்கு ஆள் பார்க்கும் முன்

அன்புள்ள மாலா,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கேட்டேன். அப்பா வீட்டுக்கு வந்துவிட்டதில் நிம்மதி. இடுப்பெலும்பு முறிந்து அந்த வயதில் ஆபரேஷனும் செய்துகொண்டு வாக்கரில் நாலு எட்டு வைக்கிறார் என்பதே பெரிய விஷயம்தான். "மஸ்கட்டிலிருந்து நான் வேறு என்ன செய்ய முடியும், 24 மணி நேரத்துக்கு ஒரு ஆள் போட்டுவிடலாம், நல்ல ஏஜென்சி சொல்லு" என்று கேட்டிருந்தாய். நம்பர் தனியாக அனுப்புகிறேன். அதற்கு முன்னால் அந்த 24 மணி நேரத்தைப் பற்றி உன்னோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது, ஃபோனில் என்றால் நீ பேசவிட மாட்டாய்.

24 மணி நேர ஆள் என்று யாரும் கிடையாது மாலா. வீட்டோடு தங்குகிற ஆள் உண்டு, அவ்வளவுதான். அப்பா ராத்திரி மூன்று நான்கு தடவை பாத்ரூம் போக எழுந்தால் அந்த ஆளும் கூடவே எழுந்திருக்க வேண்டும், காலையில் அதே ஆள்தான் குளிப்பாட்ட வேண்டும், மத்தியானம் ஃபிசியோ சொன்ன பயிற்சி, சாயங்காலம் நடை, மறுபடி ராத்திரி. ஒரு வாரம் தாங்குவார்கள். அப்புறம் அப்பா எழுந்திருக்கும்போது அவர் அசந்து தூங்கிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் "ஐயா ராத்திரி தூங்கவே மாட்டேங்கறார், டாக்டர்கிட்ட ஒரு தூக்க மாத்திரை எழுதி வாங்குங்கம்மா" என்று உன் அம்மாவிடம் ஆரம்பிப்பார். வயதானவர்கள் கீழே விழுவதற்குத் தூக்க மாத்திரையும் ஒரு காரணம், ஏற்கெனவே விழுந்தவருக்கு அதைக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் வீட்டில் அத்தைக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்தபோது கொழுந்தனாரும் இதையேதான் சொன்னார், காசு நான் தருகிறேன், முழு நேர ஆள் போடுங்கள் என்று. நான் ஒரு நோட்டில் அத்தையின் ஒரு நாளை மணிவாரியாக எழுதினேன். எழுந்திருக்க, பாத்ரூம் போக, குளிக்க, புடவை கட்ட, சாயங்காலம் நடக்க, ராத்திரி படுக்க. இன்னொருவர் கை வேண்டிய நேரம் அவ்வளவுதான். மற்றபடி டீவி பார்ப்பார், பேப்பர் படிப்பார், நான் வைத்த குழம்பில் குறை கண்டுபிடிப்பார். அதனால் பகலுக்கு மட்டும் ஒருவரை வைத்தோம், ராத்திரிக்குக் கட்டிலை ஒட்டியே கமோடு சேர், கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு காலிங் பெல். இன்று வரை அப்படித்தான் ஓடுகிறது.

முதலில் பிடித்த ஏஜென்சி சரியில்லை. டெபாசிட் வாங்கிக்கொண்டு வாரத்துக்கு ஒரு முகத்தை அனுப்பினார்கள். ஒவ்வொருவருக்கும் அத்தையின் உடம்பைப் புதிதாகக் காட்ட வேண்டும், அந்த அவமானத்தை நாம் யோசிப்பதே இல்லை. நாங்கள் நாளைக்கு 900 ரூபாய் கொடுத்தோம், வந்த பெண்ணின் கைக்குப் போனது 600 என்று அவரே ஒரு நாள் சொன்னார். பிறகு ஏன் நிலைத்து நிற்கப் போகிறார்கள்? நீ பேசும்போது இதை நேராகவே கேள், ஆளுக்கு எவ்வளவு போகிறது, லீவு உண்டா, அவர் வராத நாளில் யார் வருவார்கள் என்று. இன்னொன்று, யூனிஃபார்ம் போட்ட எல்லோரையும் அவர்கள் சிஸ்டர் என்றுதான் சொல்வார்கள். ஊசி, யூரின் ட்யூப் மாற்றுவது, மூக்கு வழியாக ட்யூப் போடுவது எல்லாம் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்த நர்ஸ் செய்ய வேண்டிய வேலை. அப்பாவுக்கு இப்போதைக்கு அது எதுவும் தேவையில்லை, அட்டெண்டர் போதும், ஆனால் ஆண் அட்டெண்டராகக் கேள். கிடைப்பது கஷ்டம், காத்திருந்தாலும் பரவாயில்லை. அப்பாவின் கூச்சம் உனக்கே தெரியும்.

அப்பாவிடம் கேட்டாயா என்று நீ எங்கேயும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது. எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான், பைக் விபத்தில் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது, வீல்சேர்தான், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். அவனுக்கு ஆள் வேண்டுமென்றால் அவனேதான் பேசி எடுப்பான், அவன் அம்மா பக்கத்தில் கூட நிற்கக் கூடாது. "கைதான் வரல ஆன்ட்டி, வாய் நல்லா வருது" என்பான். கட்டிலிலிருந்து வீல்சேருக்கு எப்படி மாற்றுவது, குதிகாலிலும் வால் எலும்பு பக்கத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று எப்போது பார்ப்பது எல்லாம் புதிதாக வருபவருக்கு அவனே சொல்லித் தருவான். திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலித்து முகம் வியர்த்தால் மாத்திரையைத் தேடாமல் முதலில் நிமிர்த்தி உட்கார வைத்து, யூரின் ட்யூப் மடங்கியோ அடைத்தோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறான், ஏனென்றால் தண்டுவடம் மேலே அடிபட்டவர்களுக்கு மூத்திரப்பை நிரம்பினாலே பிரஷர் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில், அதிக உதவி தேவைப்படுகிறவர்களுக்குப் பராமரிப்பாளர் படி பற்றி எல்லாம் எழுதியிருக்கிறது. ஆனால் அவன் கைக்கு வருவது மாநில அரசின் மாத உதவித்தொகை 2,000 ரூபாய், அது ஆள் கூலிக்கு இரண்டு மூன்று நாள் வரும். ஆனாலும் வீட்டில் முதலாளி அவன்தான். உன் அப்பா ஒரு ஆபீஸையே நடத்தியவர், தன்னை யார் எப்போது குளிப்பாட்டுவது என்று முடிவெடுக்க அவருக்குத் தெரியாதா?

நேரம் பற்றியும் ஒரு வார்த்தை. அத்தைக்கு விடிவதற்குள் குளித்துப் பழக்கம், வருகிற பெண் வியாசர்பாடியிலிருந்து சாதா போர்டு பஸ்ஸில் வருகிறார், 2021-லிருந்து பெண்களுக்கு இலவசம் அதில்தான், அது வரும்போதுதான் வரும். இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி எட்டு மணி என்று முடிவாயிற்று. உங்கள் பக்கம் பெரும்பாக்கம், கண்ணகி நகரிலிருந்து வருபவர்கள் இருப்பார்கள், காலை ஆறு மணிக்கு வா என்று அடம்பிடிக்காதே.

அப்புறம், இதை நான் சொன்னால் கோபிக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். உன் அம்மா தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஆரம்பித்தால் முதல் நாளே நீ தடுத்துவிடு. அப்பாவின் மலத்தைத் துடைக்கிற கைக்கு நம் டம்ளர் ஆகாது என்றால் அது என்ன கணக்கு? கேமரா வைக்கிறேன் என்றாயே, ஹாலில் வை, வருகிறவரிடம் சொல்லிவிட்டு வை, படுக்கையறையில் அப்பா சரி என்றால் மட்டும். துணி மாற்றுகிற இடத்தை மகள் மஸ்கட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது அவருக்கு எப்படி இருக்கும் சொல்லு.

அரசாங்கத்தில் கிடைப்பதையும் விடாதே. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்தது, பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வருவார்கள், இயன்முறை சிகிச்சையும் உண்டு, உங்கள் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மா பெயர் கொடுத்து வைக்கட்டும். கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கையோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறந்தது, நங்கநல்லூரிலிருந்து ஆட்டோ தூரம். மூத்த குடிமக்கள் உதவிக்கு 14567. இவர்கள் யாரும் வந்து குளிப்பாட்ட மாட்டார்கள், மெடிக்ளெய்மும் பெரும்பாலும் அட்டெண்டர் கூலி தராது, அந்தச் செலவு நம் கையிலிருந்துதான்.

ஆளுக்கு முன்னால் பாத்ரூமைச் சரிசெய்ய வேண்டும். உங்கள் வீட்டில் அந்த உயரமான வாசற்படி இன்னும் இருக்கிறதா? வாக்கர் அந்தக் கதவுக்குள் நுழையும் என்றே எனக்குத் தோன்றவில்லை. கைப்பிடிக் கம்பி, கமோடின் மேல் உயரம் கூட்டுகிற சீட், வழுக்காத தரை, இவ்வளவும் ஆனால் அப்பா பாதி வேலையைத் தானே செய்துகொள்வார்.

சனிக்கிழமை நான் போய்க் கதவையும் படியையும் அளந்து அனுப்புகிறேன். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வை, இல்லையென்றால் டேப்போடு வந்து நிற்கிற என்னைப் பார்த்து நீ வீட்டை விற்கப் போகிறாய் என்று நினைத்துக்கொள்வார்.

அன்புடன்,
வசந்தா
பெரம்பூர்