உன் தொட்டியும் சிலாவத்தைக் கடலும்

முல்லைத்தீவு
வைகாசி, ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மச்சான்,

நீ அனுப்பிய உன் முருகைத் தொட்டியின் படங்களை மூன்று நாளாகத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இங்கே விடியும்போது நீ வேலையால் வந்து களைத்துப்போய் இருக்கிறாய், சொல்வதில் பாதிதான் காதில் ஏறும். அதனால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன்.

முதலில் ஊர்ப் புதினம். நாளை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். போன திங்கள் தீர்த்தம் எடுக்கச் சிலாவத்தைக்குப் போனவர்களோடு நானும் நடந்தேன். கச்சான் காற்று வெக்கையாக வீசியது, கடல் மட்டும் குளம்போலக் கிடந்தது. அம்மனுக்கு விளக்கெரிக்கும் உப்புநீரைக் குடத்தில் அள்ளுவதைப் பார்த்தபோது உன் ஞாபகம்தான். நீ ரொறன்ரோவில் வடிகட்டிய தண்ணீரில் உப்பைக் கரைத்து, அளவுகோலை முக்கி முக்கிப் பார்த்து வைத்திருக்கிற நானூறு லீற்றர் கடல் அல்லவா உன் தொட்டி. அம்மா சுகம். முழங்கால் நோ மட்டும் குறைந்தபாடில்லை.

சரி, உன் முருகைகள். ஹமர் பத்து நாளாக விரியவில்லை, அக்ரோபோரா வெளிறுகிறது, இரண்டு கல்முருகைகளும் சரியில்லை என்று எழுதியிருந்தாய். அதற்காக லைற்றை இரண்டு தரம் மாற்றியிருக்கிறாய். தண்ணீரை அளந்தும் எழுதியிருக்கிறாய்: உப்பு 35, கல்சியம் 430, காரத்தன்மை 8.5, நைத்திரேற் 5, வெப்பம் 25 பாகை. இந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை மச்சான். பிழை உன் படத்தின் இடப்பக்க மூலையில் நிற்கிறது. நீ முதன்முதலாக வாங்கிய அந்த லெதர் என்கிற மென்முருகை, இப்போது சுளகு அளவுக்கு விரிந்து நிற்கிறதே, அதுதான். அதன் மேல்தோல் மெழுகு பூசியதுபோல மினுங்குகிறது, பூக்கள் எல்லாம் உள்ளே போய்விட்டன. அது தோல் கழற்றுகிறது. அதற்கு நோய் ஒன்றும் இல்லை, அடிக்கடி செய்கிற வேலைதான். ஆனால் அந்த நாட்களில் நான் பக்கத்திலிருக்கும் கல்முருகைகளைத்தான் கவனித்துப் பார்ப்பேன்.

கல்முருகைக்கு ஒளிந்துகொள்ளக் கல்வீடு இருக்கிறது. லெதர் போன்ற மென்முருகைக்கு அது இல்லை. சதைக்குள் ஊசி ஊசியாகச் சின்னச் சுண்ணாம்புத் துண்டுகள்தான். அதனால் அது தன்னை மருந்தால் காத்துக்கொள்கிறது. ரேர்ப்பீன் என்கிற வகைப் பொருள்களைத் தண்ணீரில் விடும். தொடாமலேயே அயலில் இருக்கும் கல்முருகையை அவை கெடுக்கும் என்று 1980களில் அவுஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பாறைத்தொடரில் ஆராய்ந்து காட்டினார்கள். கடலில் நீரோட்டம் அதை அள்ளிக்கொண்டு போய்விடும், இரண்டும் ஒரே பாறையில் தலைமுறை தலைமுறையாக வாழும். உன் தொட்டியில் அது எங்கே போகும்? பம்புக்குள் போய் அதே அக்ரோபோராவின் தலையில் வந்து விழும்.

கல்முருகை அப்பாவி என்றும் நினைக்காதே. ஒரு நாள் இரவு ஒரு மணிக்கு எழும்பி, சிவப்பு வெளிச்சத்தில் அந்த ஹமரைப் பார். பகலில் இல்லாத நீள விழுதுகளை வெளியே விட்டிருக்கும். பக்கத்தில் நிற்பதை அவற்றால் குத்தும். சில வகைகள் வயிற்றுக்குள் இருக்கும் நூல்களையே வெளியே தள்ளி, அயலவனின் சதையை அங்கேயே சமித்துவிடும். ஹமரைச் சுற்றி ஒரு சாண் இடமாவது விடு என்று நான் சொல்வது அதனால்தான்.

டோஹாவில் நடந்ததை உனக்குச் சொன்னேனோ தெரியாது. ஒரு வீட்டுத் தொட்டியைக் கிழமைக்கு ஒருதரம் பார்க்கிற பொறுப்பு எனக்கு. பெருத்துப்போன லெதரை வெளியே எடுக்கப் பஞ்சிப்பட்டு, தொட்டிக்குள்ளேயே கத்தியால் வெட்டினேன். தண்ணீர் பால் கலந்ததுபோல் ஆனது. அடுத்த நாள் காலையில் மூன்று அக்ரோபோரா அடியிலிருந்து தோலுரிந்து வெறும் வெள்ளை எலும்பாக நின்றன. அந்த வீட்டுப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தாள். அந்த முகம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. வெட்டுவதென்றால் வேறு வாளியில், வேறு தண்ணீரில் வெட்டி, கழுவிய பிறகுதான் திரும்ப வை.

இப்போது நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். தண்ணீரில் கலந்த அந்தப் பொருள்களை உறிஞ்சுகிற கரி, புதுக் காபன் போடு, இந்த மாதம் முழுக்கக் கிழமைக்கு ஒருதரம் மாற்று. நுரையோடு அழுக்கை அள்ளும் ஸ்கிம்மர் கொஞ்சம் தண்ணீராகவே கழிக்கட்டும். கிழமைக்கு அறுபது லீற்றர் தண்ணீரை மாற்று. ஒரு அலை மோட்டாரை லெதர் பக்கம் திருப்பினால் அந்தத் தோல் கெதியாகக் கழன்றுவிடும், மிதப்பதை வலையால் எடு. லைற்றில் கை வைக்காதே. அக்ரோபோராவின் நுனி வெள்ளையாக இருந்தால் பயப்படாதே, அது வளர்கிற இடம். அடியிலிருந்து சதை உரிந்தால்தான் உடனே எனக்குச் சொல்.

அதற்குப் பிறகு நீ ஒரு முடிவெடுக்க வேண்டும். இந்தத் தொட்டி யாருடையது? அக்ரோபோராதான் வேண்டுமென்றால் லெதருக்கு அறுபது லீற்றரில் தனித் தொட்டி வை. என் மனதைக் கேட்டால், அக்ரோபோராவை உன் கூட்டாளி ஒருவரிடம் கொடுத்துவிடு. இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்கிறவனுக்கு அது சரிவராது. அதற்குப் பலமான வெளிச்சம், பலமான அலை, ஒருநாளும் ஆடாத காரத்தன்மை எல்லாம் வேண்டும். ஹமர் போன்ற பெரிய வாய்க் கல்முருகைகளும் மென்முருகைகளும் இடைவெளி விட்டு வைத்தால் காபனோடு வருடக்கணக்கில் ஒன்றாக இருக்கும். நானே அப்படி வைத்திருந்தேன்.

மகள் கேட்கும் ஸீனியா என்கிற மென்முருகையை வாங்கிக் கொடு. கை திறந்து மூடுவதுபோல அது துடிப்பதைப் பார்க்கப் பிள்ளைக்கு நல்ல சந்தோசமாக இருக்கும். ஆனால் பெரிய பாறையில் ஒட்டாதே, மணலில் தனிக் கல்லில் வை. ஏறிப் படர்ந்தால் பிறகு எடுக்க முடியாது. பட்டன்போலப் பூக்கும் ஸோவாந்திட் இருக்கிற கல்லைக் கையுறை இல்லாமல் பிடிக்க அவளை விடாதே. அதை ஒருபோதும் சுடுநீரில் அவிக்காதே. சிலவற்றில் பலிரொக்சின் என்கிற பொல்லாத நஞ்சு இருக்கிறது, ஆவியாலேயே ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறது.

இங்கே நீ ஒரு தொட்டி வைக்கவில்லையா என்று கேட்டிருந்தாய். இல்லை. இந்த வெக்கையில் தண்ணீரைக் குளிர வைக்கவே கரண்டுக் காசு போதாது. அதோடு இங்கே கடலில் முருகையை உடைத்து எடுப்பது குற்றம், அது சரிதான். மாசியில் மன்னார்ப் பக்கம் சிலாவத்துறைக்குப் போயிருந்தேன். அரிப்பு, வங்காலைப் பக்கமெல்லாம் வெளியே முருகைப் பாறைகள் உண்டு. 1998இலும் 2016இலும் கடல் சூடேறி இலங்கையைச் சுற்றி எவ்வளவு முருகை வெளிறிச் செத்தது என்று உனக்கும் தெரியும். வாங்கும்போது வளர்ப்புத் துண்டா, கடலில் உடைத்ததா என்று கேட்டு வாங்கு மச்சான். வளர்ப்புத் துண்டு தொட்டிக்கும் கெதியாகப் பழகும்.

காபன் போட்டு ஒரு கிழமையால் ஹமரை இரவில் ஒரு படம், பகலில் ஒரு படம் எடுத்து அனுப்பு. லெதரையும் சேர்த்து எடு, பூத்ததா என்று பார்க்க வேண்டும். நாளை கோயிலில் உனக்கும் சேர்த்துக் கச்சான் கடலை வாங்குவேன். ஆடியில் மாமி கனடா வருகிறா, அவவிடம் கொடுத்துவிடுகிறேன்.

உன் பழைய வாங்குக் கூட்டாளி