பேய்க்கதைக்கு நம் தோட்டங்களில் பஞ்சமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் நாட்டில் ஒளியேறும் தமிழ்ப் பேய்த் தொடர்களைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒரே பங்களா, ஒரே குடும்பம், ஒரே மந்திரவாதி என்று மாதக்கணக்கில் இழுக்கப்படும் இவற்றில், ஆவியாக வருபவர் யார், என்ன குறையோடு மாண்டார் என்பது கடைசிவரை ஒப்புக்குத்தான் சொல்லப்படுகிறது. வாரத்துக்கு ஒன்றாக, ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் தனித்தனிக் கதைகளை, அதுவும் நம் மலேசிய மண்ணில் பிறந்த கதைகளை, நம் தொலைக்காட்சி நிலையங்கள் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

பிபிசி 1972-ஆம் ஆண்டில் ஒளிபரப்பிய ‘டெட் ஆஃப் நைட்’ என்ற தொடரின் முதல் கதையைப் பார்த்த பிறகே இந்த எண்ணம் எனக்குள் வலுப்பெற்றது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஏழு கதைகள் கொண்ட தொடர் அது. டான் டெய்லர் எழுதி இயக்கிய ‘தி எக்ஸார்சிசம்’ என்ற அந்த முதல் கதையில், ஏழைகள் குடியிருந்த பழைய கிராமத்து வீடு ஒன்றை வசதியுள்ள தம்பதியர் வாங்கிப் புதுப்பித்து, கிறிஸ்துமஸ் விருந்துக்கு நண்பர்கள் இருவரை அழைக்கிறார்கள். மேசை நிறைய உணவு இருக்கிறது. திடீரென்று மின்சாரம் போகிறது. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. கோப்பையில் இருக்கும் வைன் இரத்தமாக ருசிக்கிறது. வாயில் வைத்த உணவு எரிக்கிறது. பிறகு அந்த வீட்டுக்காரியின் வாய் வழியாக, அதே சுவர்களுக்குள் பிள்ளைகளோடு பட்டினி கிடந்து செத்த ஒரு தாய் பேசத் தொடங்குகிறாள். அன்னா கிராப்பர் என்ற நடிகை பேசும் அந்த நீண்ட காட்சியில் கோரப் பற்களும் இல்லை, காதைப் பிளக்கும் இசையும் இல்லை. பசியில் வாடிய ஒரு பெண்ணின் குரல் மட்டும்தான் இருக்கிறது. விருந்துக்கு உட்கார்ந்த நால்வரும் பட்டினியால் இறந்து கிடந்தார்கள் என்ற செய்தியோடு கதை முடிகிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கோலாலம்பூரில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி, ஒரு காலத்தில் பால்மரங்கள் (ரப்பர் மரங்கள்) நின்ற தோட்டத்தின் மீது கட்டப்பட்டது. கார் நிறுத்துமிடத்தின் மூலையில், சூலமும் காய்ந்த எலுமிச்சம்பழமுமாக ஒரு சின்ன முனியாண்டி கோயில் மட்டும் மிஞ்சி நிற்கிறது. தொழிலாளர்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள் எந்தப் பக்கம் இருந்தன, விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பிரட்டுக்களம் எங்கே, பிள்ளைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகை எங்கே என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. 1998-ஆம் ஆண்டு காமன்வெல்த் போட்டிகள் நடந்த புக்கிட் ஜாலிலும் முன்பு தோட்டம்தான் என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் பாட்டி சொன்ன கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில் அவர் இருந்த லயத்தில், மூன்றாவது வீட்டுப் பெண்ணின் கணவரை, சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவே இல்லை. அந்தப் பெண்மணி தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், ஓரம் பெயர்ந்த பீங்கான் தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கை வைத்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாராம். அரிசிக்கு ஏது வழி? அவர் காய்ச்சலில் போன பிறகும், பொழுது சாயும் நேரத்தில் பூட்டிய அந்த வீட்டுக்குள் சிமெண்டுத் தரையில் தட்டை வைக்கும் சத்தம் கேட்டதாகப் பாட்டி சொல்வார். கேட்டவர்கள் யாரும் பயந்து ஓடவில்லை. “பாவம், இன்னும் காத்துக்கிட்டு இருக்கு” என்று சொல்லி, அந்த வாசலிலும் ஒரு விளக்கை ஏற்றினார்களாம். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த மரணப் பாதையில் மலாயாத் தமிழர்கள் ஆயிரமாயிரமாய் மடிந்த கொடுமையை, இந்த ஒரு தட்டுச் சத்தம் எனக்கு உணர்த்தியதுபோல் எந்தப் பாடப்புத்தகமும் உணர்த்தவில்லை.

பேய் என்பதே மூடநம்பிக்கை, அதை ஏன் வளர்க்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆவி உண்டு என்று யாரையும் நம்பச் சொல்லவில்லை. செத்தவர்களின் கதையைக் கேட்கத்தான் சொல்கிறேன். ஆங்கில எழுத்தாளர் சார்லஸ் டிக்கென்ஸ் 1865-இல் ஒரு கோரமான ரயில் விபத்தில் உயிர் தப்பி, அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர். ரயில் பாதையோரம் தோன்றும் ஆவியைப் பற்றிய கதையை அவர் எழுதியது அதற்கு அடுத்த ஆண்டில்தான். பிபிசி அதையும் 1976-இல் சின்னப் படமாக எடுத்தது.

செலவைக் காரணம் காட்டவும் இடமில்லை. ‘தி எக்ஸார்சிசம்’ பெரும்பாலும் ஒரே வீட்டுக்குள் நான்கு நடிகர்களை வைத்து எடுக்கப்பட்டது. நம் மேடை நாடகக் கலைஞர்களுக்கும் சிறுகதை எழுத்தாளர்களுக்கும் அது கைவராத வேலையா? எடுப்பதோடு நிற்காமல் படிகளைப் பத்திரப்படுத்தவும் வேண்டும். நாடாக்களை அழித்து மீண்டும் பயன்படுத்திய அந்தக் கால வழக்கத்தால், அந்த ஏழு கதைகளில் மூன்றுதான் இன்று எஞ்சியுள்ளன.

இத்தகைய கதைகளைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் எண்பதையும் தொண்ணூறையும் தொட்டுவிட்டார்கள். எனவே, தோட்டத்துக் கதைகளை வாசகர்கள் எழுதி அனுப்ப உங்கள் ஞாயிறு பதிப்பில் ஒரு பக்கத்தை ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறேன். தொலைக்காட்சிக்காரர்கள் அதிலிருந்தே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். மூன்றாவது வீட்டுக் கதையைப் பாட்டி சொன்னபடியே முழுமையாக எழுதி வைத்திருக்கிறேன். தாங்கள் சொன்னால் மறுநாளே அனுப்பி வைக்கிறேன்.

இங்ஙனம்,
தோட்டத்தில் பிறந்த வாசகி,
கோலாலம்பூர்