ஓய்வூதியர் மன்றம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த தோழர்களே, மகளிர் உறுப்பினர்களே,

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார். கோவையின் சிங்காநல்லூர், பீளமேடு வட்டார நூற்பாலைகளிலிருந்து புதிதாக ஓய்வுபெற்றவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட ஒரு கேள்விக்கே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகிறேன்: "இத்தனை வருசம் யூனியனுக்குச் சந்தா கட்டியாச்சுங்க, இன்னொரு சங்கம் எதுக்குங்க?"

கூலியும் பஞ்சப்படியும் போனசும் ஆலை வாயிலில் கூட்டாகக் கேட்டுப் பெற்றவை. 58 வயதுக்குப் பின் வரும் பி.எஃப். பென்ஷனோ ஆளுக்கொரு கோப்பு. அதில் உள்ள பிழையும் அந்த ஒருவருக்கே உரியது. பணியில் இருப்போரின் ஒப்பந்தப் பேச்சுக்கே நேரம் போதாத யூனியன் நிர்வாகிகளிடம் இதையும் சுமத்துவது நியாயமன்று.

1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்படி, கணக்கில் கொள்ளப்படும் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுப்பதே பென்ஷனின் அடிப்படைக் கணக்கு. மாத ஓய்வூதியம் பெறக் குறைந்தது 10 ஆண்டுப் பணி வேண்டும். ஓர் ஆலை மூடியதும் அடுத்த ஆலைக்குப் போனவர்கள் நம்மில் ஏராளம் என்பதால், பழைய பி.எஃப். எண்ணில் கிடக்கும் பணிக்காலத்தைப் புதிய எண்ணோடு சேர்க்காமல் விட்டால் அந்தப் பத்தாண்டே எட்டாமல் போகக்கூடும். இதைக் கண்டறிந்து சொல்வதற்கு, அதே ஆலைகளில் நேரக் காப்பாளராகவும் அலுவலக எழுத்தராகவும் இருந்த நம் உறுப்பினர்களைவிடத் தகுந்தவர் யார்?

ஆதாரில் ஒரு பெயரும் ஆலைப் பதிவேட்டில் வேறொரு பெயரும் இருப்பது அடுத்த தொல்லை. உறுப்பினர் உயிரோடிருக்கும்போது எளிதாகத் தீரும் இது, அவர் மறைந்தபின் மனைவிக்குப் பெருஞ்சுமையாகிறது. விதவைக்குப் பொதுவாக உறுப்பினரின் ஓய்வூதியத்தில் பாதி கிடைக்கும் என்பதையே அறியாத குடும்பங்களை இவ்வாண்டும் சந்தித்தோம். ஆகவே தம்பதியாக வந்து ஆவணங்களைச் சரிபார்க்குமாறு வற்புறுத்துகிறோம். சிலருக்கு அது அபசகுனமாகப் பட்டாலும் நாங்கள் கேட்பதை நிறுத்தப்போவதில்லை.

ஆயுள் சான்று ஆண்டுக்கொரு முறை தரப்பட வேண்டும். கொடுத்த நாளிலிருந்து அது ஓராண்டு செல்லும். நூற்பில் தேய்ந்த விரல்ரேகையை இயந்திரம் ஏற்காதவர்களுக்குக் கைபேசியில் முகத்தைக் காட்டிப் பதியும் முறையை மன்றத்திலேயே செய்து தருகிறோம். 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் ஓய்வூதியம் பெறலாம் என்பதால், பெங்களூருவில் மகன் வீட்டுக்குப் போகிறவர்கள் அதற்காக மாற்றல் மனு எழுத வேண்டியதில்லை.

2014 செப்டம்பரில் நிர்ணயித்த மாதம் 1,000 ரூபாய் என்ற குறைந்தபட்சம் இன்றைய மருந்துச் செலவுக்கே காணாது. அதை உயர்த்தக் கோரும் மனுவில் எல்லாக் கொடிகளின் பழைய தோழர்களும் ஒன்றாகக் கையொப்பமிட்டனர். வேலையில் இருந்த காலத்தில் ஒரே பெஞ்சில் உட்காராதவர்கள் அவர்கள். மாதக் கூட்டத்தில் தேநீரும் தேங்காய் பன்னும் வழங்கத் தொடங்கியபின் வருகை கூடியதையும் மறைப்பதற்கில்லை.

புதிதாகச் சேர விரும்புவோர் ஆதார், வங்கிப் புத்தகம், பி.எஃப். எண் தெரியும் பழைய சம்பளச் சீட்டு ஆகியவற்றின் நகல்களுடன் அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருமாறு கேட்டுக்கொண்டு, அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்