மாமி வீட்டுக் குழாய்

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ கோபப்பட்டது எனக்கு விளங்குகிறது. எங்கள் வளவில் மலகூடக் குழி வெட்ட ஜேசிபி விட்ட அன்றைக்கே பக்கத்து வீட்டு மாமியின் தண்ணீர்க் குழாயும் மோட்டர் வயரும் அறுந்தால், காசு அனுப்புகிறவனுக்குக் கோபம் வரும்தான். ஆனால் "அடையாளம் இல்லாமல் எங்கள் வளவுக்குள் குழாய் தாட்டது அவையின் பிழை, நாங்கள் ஏன் கட்டவேண்டும்" என்று கேட்டாயே, அதை நான் ஏற்கமாட்டேன்.

எங்கள் காணி உறுதியில் கிணற்றுப் பங்கும் வழி, வாய்க்கால் உரிமையும் எழுதிக் கிடக்கிறது, மாமியின் உறுதியிலும் அப்படித்தான். துலாவால் இறைத்த காலத்தில் வாய்க்காலால் ஓடிய தண்ணீர் இப்போது குழாயால் போகிறது. கிணறு எங்கள் வளவின் கிழக்கு மூலையில், மாமியின் வீடு மேற்கே. கிணற்றுக்கட்டில் இருந்து குழாய் மண்ணுக்குள் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குப் பிறகு அது எங்கே போகும்? நடுவில் எங்கள் வளவுதானே கிடக்கிறது.

சட்டத்தரணி ஒருவரிடமும் கேட்டேன். இப்படியான நட்டஈட்டுக்கு இங்கே இலங்கையில், ஒல்லாந்தர் காலத்தில் வந்த ரோமன் டச்சுச் சட்டம்தான் அடிப்படை. கவனமான ஒருவர் இந்தச் சேதம் வரும் என்று முன்கூட்டியே யோசித்திருப்பாரா, யோசித்துத் தடுத்திருப்பாரா என்றுதான் பார்ப்பார்களாம். அடையாளம் இல்லை என்பது ஒரு நியாயம், ஆனால் அது மட்டும் ஒருவரை விடுவிக்காது. கொந்தராத்துக்காரரின் கவனயீனம் பொதுவாக வளவுக்காரர் தலையில் விழாது. தெரிந்ததை வளவுக்காரர் சொல்லாமல் விட்டால் கதை வேறு. குழாயைப் பற்றி நான் கொந்தராத்துக்காரருக்கு முதல் நாளே சொல்லியிருந்தேன். அவர் மெசின் ஓட்டிய பொடியனுக்குச் சொல்லவில்லை. இப்போது அந்தப் பொடியனின் சம்பளத்தில் வெட்டப் பார்க்கிறார். அதற்கு நான் விடமாட்டேன்.

மாமி பக்கமும் குறை இல்லை என்று சொல்லவில்லை. கீழே சுண்ணாம்புக்கல் என்பதால் குழாயை அரை அடிக்குமேல் தாழ்க்கவில்லை. வயரையும் பழைய சைக்கிள் ரியூப்பால் குழாயோடு சேர்த்துக் கட்டித் தாட்டிருக்கிறார்கள். மோட்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது. கரண்டைத் தானாக நிறுத்தும் ட்றிப் சுவிச் விழுந்தபடியால் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. அதை நினைத்தால் இப்பவும் நெஞ்சு பதறுகிறது. நட்டப்பட்டவரிடமும் கவனக்குறைவு இருந்தால் அந்த அளவுக்கு நட்டஈட்டைக் குறைக்க 1968ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் ஒரு குழாய்க்காக மாமியோடு வழக்காட நான் தயாரில்லை.

கனடாவில் நீ இருக்கும் ஒன்ராறியோவை உதாரணம் காட்டினாய். 2012ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அங்கே 'ஒன்ராறியோ வன் கோல்' என்ற ஒரே இடத்தில் நிலம் தோண்டமுன் அறிவித்தால் போதும், ஆட்கள் வந்து காஸுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம் என்று இலவசமாகக் கோடு போட்டுத் தருவார்கள். நல்ல ஒழுங்கு, இங்கேயும் வரவேண்டும். ஆனால் அங்கேயும் மீற்றருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்காரர் தானாக இழுத்த லைன் அவர்களுடைய கணக்கில் வராது. வீட்டுக்காரர்தான் ஆள் பிடித்துத் தேடவேண்டும். மாமியின் குழாயும் அந்த வகைதான்.

இனிச் செய்யவேண்டியது. மாமிக்குப் புதுக் குழாயும் வயரும் உடனே போடவேண்டும், இந்த வெயிலில் அவ தண்ணீருக்கு வாளியோடு அலையக்கூடாது. செலவை முதலில் நாங்கள் கொடுத்துவிட்டு, கொந்தராத்துக்காரரின் அடுத்த தவணையில் அவருடைய பங்கைக் கழிப்போம். ஒப்பந்தத்தில் ஒரு வரி புதிதாகச் சேரும்: வெட்டுமுன் அலவாங்கால் சோதனைக் குழி, அதைச் செய்யாமல் ஏதும் உடைந்தால் அவர் பொறுப்பு, கூலியாளின் சம்பளத்தில் கைவைக்கக்கூடாது. ஒழுங்கைப் பக்கம் மதிலுக்கு அத்திவாரம் வெட்டமுன் தண்ணீர்ச் சபையிடமும் தொலைபேசிக் கம்பனி ரெலிக்கொமிடமும் நான் நேரே போய்க் கேட்பேன். ஒழுங்கையை வெட்டுவதென்றால் பிரதேச சபையின் அனுமதியும் வேண்டும். அப்புறம், புதுக் குழாயை மூடுமுன் மதிலில் இருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று அளந்து படமெடுத்து உறுதியோடு வைப்பேன். நாளைக்கு நீ வந்து மாமரம் நடுவதென்றாலும் உதவும்.

கொந்தராத்துக்காரர் திங்கட்கிழமை வருவார். நீ சரி என்றால் அதற்கு முன்னம் வாட்சப்பில் ஒரு வரி எழுதிவிடு, உன் பெயரிலும் கையெழுத்து வேண்டும்.

அன்புடன்,
அப்பா