ஏப்ரனில் அடித்த காற்று

தூத்துக்குடி

அன்பு மகளுக்கு,

நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் இருக்கும் வாட்டர்கலர் படத்தை போனில் அனுப்பி, "இந்தப் பொம்பள யாருக்கோ காத்து நிக்கிறாப்பா, பார்த்தா அழுகை வருது" என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் சும்மா இருப்பேனா?

இதை வரைந்த அமெரிக்க ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1881, 82-இல் இங்கிலாந்தின் கல்லர்கோட்ஸ் என்ற மீனவ ஊரில் தங்கியிருந்தார். அமெரிக்கா திரும்பியபின், 1883-இல் வரைந்த படம் இது. பெயர் 'இன்சைடு தி பார்'. முத்துச்சிப்பி கிடக்கும் கடலடித் திட்டை முத்துப் பார் என்று நம் கடல்காரர்கள் சொல்வார்களே, அந்தப் பார் இல்லை. இது துறைமுக வாயில் குவிந்து கிடக்கும் மணல்மேடு. அலை உடைவதும் படகு கவிழ்வதும் அங்கேதான். தாண்டி உள்ளே வந்துவிட்டால் பிழைத்த மாதிரி. பின்னால் தெரியும் படகுகள் உள்ளேதான் இருக்கின்றன என்று தலைப்பே சொல்கிறதே, பிறகு அழுகை எதற்கு?

ஆச்சியை நினைத்துப் பார். வள்ளம் கண்ணில் படும்வரை கரையை விட்டு அசையமாட்டாள். பட்டதும் ஒரு வார்த்தை கிடையாது. முந்தானையைச் செருகிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு ஏலத்துக்கு நடந்துவிடுவாள். கல்லர்கோட்ஸிலும் தூண்டிலுக்கு இரை கோத்தது, மீன் சுமந்து விற்றது எல்லாம் பெண்கள்தான். இவள் கையிலும் கூடை இருக்கிறது, கவனித்தாயா?

உன் சோகம் அந்த வானத்திலிருந்து வந்திருக்கும். சாம்பல் நிறத்தைத் தண்ணீரில் கரைத்து மெல்லிசாக வாஷ் போட்டாலே பார்ப்பவர் மனசு கனத்துவிடும், பரீட்சைக்கு வரைகிற பையன்களுக்கே தெரிந்த தந்திரம். விரலால் வானத்தை மறைத்துவிட்டு அவளை மட்டும் பார். காற்றுக்கு நிறம் ஏது? ஹோமர் அதை அவள் ஏப்ரனில் பிடித்துவைத்திருக்கிறார். பாய்மரத் துணி மாதிரி உப்பிப் பறக்கிறது. அவ்வளவு காற்றிலும் அவள் உடம்பில் ஒரு தள்ளாட்டம் இல்லை. இவளா அழுகிறவள்?

ஆனாலும் நீ சொன்னதை முழுசாகத் தள்ள முடியவில்லை. ராத்திரி மறுபடி பார்த்தேன். படத்தில் வானம் இன்னும் வெளுக்கவில்லை. பாருக்கு வெளியே யாராவது இருக்கலாம்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்: "இது எந்தக் காத்து, கச்சானா, வாடையா?"

அந்த ஊருக்கும் நம்மைப்போலக் கடல் கிழக்கேதான் என்றேன்.

"அப்போ கொண்டல்" என்று கீழைக்காற்றின் பெயரைச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா