ஏரித் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கோயிலை ஒட்டிய நமது ஏரியின் திருப்பணி நிறைவடைந்தது. கரையைப் பலப்படுத்தியதும் மதகுப் பலகைகளை மாற்றியதும் உறுப்பினர்கள் நேரில் கண்டவையே. வரவு செலவு தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளது. பொதுக்குழுவில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விக்கே, அதாவது முன்பு தூர்வாரிய பிறகும் தண்ணீர் ஏன் தெளியவில்லை என்பதற்கே, இவ்வறிக்கை விடை கூறுகிறது.

அப்போது சேறு மட்டுமே காரணம் என்று எண்ணினோம். அது குழுவின் பிழை. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்களும் காரணம். ஆளுயரத் தண்ணீரே நிற்கும் ஏரியில், சாதாக் கெண்டை புழுக்களைத் தேடி அடிச்சேற்றை உறிஞ்சித் துப்பும்போது, சேற்றில் அடங்கிக் கிடந்த பாஸ்பரஸ் தண்ணீரில் கலந்து நுண்பாசிக்கு உரமாகிறது. வேரோடு பெயர்ந்த வேலம்பாசி, கொட்டி ஆகிய நீர்ச்செடிகள் மீண்டும் தழைக்க, கலங்கிய நீரில் வெளிச்சம் கிடைப்பதில்லை. நீர்ச்செடி அற்ற இடத்தில் காற்று வீசினாலே சேறு கிளம்பும். ஆழமற்ற நீர்நிலை ஒருமுறை இந்நிலைக்கு வந்துவிட்டால், மீனை அகற்றாமல் தெளிவது அரிது.

இம்மீன்கள் தாமாக வந்தவை அல்ல. சாதாக் கெண்டை 1939இல் இலங்கை வழியாக நீலகிரிக்கு வந்தது. சமவெளியில் பரவிய வகை 1957இல் பாங்காக்கிலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த ஜிலேபி 1952இல் மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. பெண் ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பதால், பத்து மீன் தப்பினாலும் ஏரி நிறைந்துவிடும். கொசுவை ஒழிக்க 1928 முதல் விடப்பட்டுவரும் கம்பூசியா என்னும் சிறுமீனோ, பாசியை மேயும் நுண்ணுயிர்களான நீர்த்தெள்ளுகளையும் தின்றுவிடுவதால் தண்ணீர் மேலும் பச்சையாகிறது. தலையில் வெள்ளிப் பொட்டுடைய நமது சிறுமீனும் கொசுப்புழுவைத் தின்னும் என்பதை அந்நாளில் யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இலுப்பைப் புண்ணாக்கு இடலாம் என்று உறுப்பினர் சிலர் கூறினர். செலவு குறைவுதான், ஆனால் விராலும் அயிரையும் உடன் மடியும் என்பதால், கோடையில் மதகைத் திறந்து, எஞ்சிய தண்ணீரைப் பம்புசெட்டால் இறைத்து, கையால் பிரித்தெடுப்பதென முடிவாயிற்று. நாட்டு மீன்கள் கோயில் கிணற்றிலும் தொட்டிகளிலும் காக்கப்பட்டன. ஜிலேபியும் சாதாக் கெண்டையும் ஊராருக்கு வழங்கப்பட்டன. அதிகம் சிரமப்படுத்தியது ஆப்பிரிக்கக் கெளுத்தி. காற்றைச் சுவாசித்து ஈரச்சேற்றில் புதைந்து கிடக்கும் அம்மீனைச் சிறிய பருவத்தில் நாட்டுக் கெளுத்தியிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. வலைக்காரப் பெண்களின் கண் இல்லையேல் இப்பணி நடந்திராது. கரைச்சரிவில், வீட்டுத் தொட்டிகளில் பாசியைத் தின்ன வளர்க்கப்படும் டேங்க் கிளீனர் மீன்கள் குடைந்திருந்த வளைகளும் களிமண்ணிட்டு அடைக்கப்பட்டன.

மழைக்குப் பின் தண்ணீர் தெளிந்து, படித்துறையில் நீருக்குள் இருக்கும் மூன்றாம் படி கண்ணுக்குத் தெரிகிறது. வடகரையோரம் கொட்டி முளைத்துள்ளது. எனினும் தை மாதத்தில் ஜிலேபிக் குஞ்சுகள் தென்பட்டன. வரத்துக்கால்வாயில் கம்பிவலை இட்டிருந்தும், மேல் ஏரி நிரம்பி வழியும்போது அதைத் தாண்டி மீன் வருவதை முழுமையாகத் தடுக்க இயலாது. ஆகவே கோடைதோறும் வலையிட்டுக் குறைக்க வேண்டியிருக்கும். அதற்கான தொகையை ஆண்டுச் செலவில் சேர்க்க ஒப்புதல் கோருகிறோம்.

மீன் குத்தகை இவ்வாண்டு விடப்படவில்லை. வருவாய் குறைந்ததில் வருத்தமுள்ளோரும் உண்டு. இனிக் குத்தகை விடுவதானால் சாதாக் கெண்டை, நீர்ச்செடியைத் தின்னும் புல்கெண்டை ஆகியவற்றின் குஞ்சுகளை விடக்கூடாதென்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் எழுதப்படும். வீட்டுத் தொட்டி மீன்களை ஏரியில் விடுவதும், படித்துறையில் மூட்டையாகப் பொரி கொட்டுவதும் நிறுத்தப்பட வேண்டும் என்று அறிவிப்புப் பலகை வைத்துள்ளோம்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்